இரண்டு ஃபர்லாங் தூரம்



பொங்கலுக்கு வந்திருந்த என் பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் செய்த கார். பானெட்டை அறுத்து அதன் மேலே என்ஜின் எட்டிப் பார்க்கிறது. பின் டயர்கள் அம்மிக்கல் அகலத்துக்கு இருக்கின்றன. பச்சை விளக்கு விழுந்ததும் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, அடங்காத காளை மாதிரி பாய்கிறது. வாரநாளில் அதே காரில்தான் ஆபீஸ் போவார்களாம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் விடுவார்களாம்.

"தாத்தா, நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான வேலை பார்த்தீங்க? இந்த மாதிரி ஒரு வண்டியை இங்க ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?" என்று கேட்டான்.

முடியும் முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருந்ததை 'மஸில் கார்' என்கிறார்கள். அதன் கதை 1932இல் ஹென்றி ஃபோர்டிடம் தொடங்குகிறது. அதுவரை எட்டு சிலிண்டர் என்ஜின் என்பது பணக்காரர் சமாசாரம். ஃபோர்டு, 'வி' எழுத்து வடிவில் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண ஆளும் வாங்கும் விலைக்குக் கொடுத்தார். அதுதான் ஃபோர்டு வி-8. அந்தக் காரைப் பழைய விலைக்கு வாங்கிய கலிஃபோர்னியா இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வைத்தார்கள். காய்ந்துபோன ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு ஏரி கிடைக்காதவர்கள் ஊர்ச் சாலையில் இரவு நேரத்தில் ஓட்டினார்கள். பலர் செத்தார்கள். அந்தப் பையன்களையும் அவர்கள் வண்டிகளையும் கண்டாலே ஊருக்கு ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஒரு வழி பிறந்தது. போருக்காகப் போட்ட விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. 1950இல் சாண்டா ஆனா என்ற ஊர் விமானநிலையத்தின் ஓடுதளத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்தினார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் 'நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சாலையில் ஓடும் பந்தயத்தைக் களத்துக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். 1953இல் பொமோனா நகரில், போலீசாரின் ஆதரவோடு, ஒரு பொருட்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் முதல் போட்டி நடந்தது. 1954இல் சங்கத்தின் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பத்திரமாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1955இல் கான்சாஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில், போர்க்கால விமானதளம் ஒன்றில், முதல் தேசியப் போட்டி நடந்தது.

விதி மிக எளிது. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நேர்கோட்டில் கால் மைல் தூரம். முதலில் கடப்பவன் ஜெயித்தான். இதுதான் 'டிராக் ரேஸ்'.

கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பையன்கள் பட்டறையில் செய்வதை நாமே தொழிற்சாலையில் செய்து விற்றால் என்ன என்று தோன்றியது. 1964ஆம் வருஷ மாடலாக பாண்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற காரை விட்டது. நடுத்தர அளவுக் காரில் பெரிய காருக்குரிய 389 கன அங்குல வி-8 என்ஜின். நம் கணக்கில் ஏறக்குறைய 6,400 சி.சி., 325 குதிரைத்திறன். நம் அம்பாசிடரின் என்ஜின் 1,489 சி.சி., ஐம்பது குதிரை. நாலு அம்பாசிடர் என்ஜினைச் சேர்த்தாலும் அந்தக் கொள்ளளவு வராது, ஆறு சேர்த்தாலும் அந்தக் குதிரை எண்ணிக்கை வராது. (அந்தக் காலத்து அமெரிக்கர்கள் விசிறி முதலியவற்றைக் கழற்றிவிட்டுக் குதிரையை அளந்தார்கள் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.) அந்த ஜாதி வண்டிகளில் நல்லவை கால் மைலைப் பதினாலு விநாடி அளவில் கடந்தன. அம்பாசிடருக்கு இருபது விநாடிக்கும் மேல் ஆகும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் பிரெஞ்சுப் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வரும். நான் பிறந்தது காரைக்காலில். எனக்கு நாலு வயதாகும்போது, 1954இல், ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. ஆனாலும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டார். அங்கே படங்களில் பார்த்த கார் சித்ரோயன் 'தெ ஷெவோ', அதாவது 'இரண்டு குதிரை'. அது நிஜக் குதிரைக் கணக்கு அல்ல, வரிக் குதிரைக் கணக்கு. பிரான்சில் என்ஜின் பெரிதானால் வரியும் பெரிதாகும். அதனால் அங்கே எல்லோரும் சின்ன என்ஜினிலேயே சாமர்த்தியம் காட்டினார்கள். 1956இல் இந்த வரிக் குதிரையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஒரு வில்லை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள். அந்தப் பணம் வயதானவர்களின் உதவித்தொகைக்காம். பென்ஷன் வாங்கும் நாம் அந்த வரியைக் குறை சொல்லக் கூடாது! அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை, பெட்ரோலும் மலிவு. அதனால் அங்கே என்ஜின் பூசணிக்காய் மாதிரி பருத்தது.

அந்த ஆட்டமும் பத்து வருஷம்கூட நிற்கவில்லை. இன்சூரன்ஸ் ஏறியது, புகைச் சட்டம் வந்தது, 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. கதை முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

மஸில் கார் திண்டுக்கல்லுக்கு வரவே இல்லை. ஆனால் அதன் தாத்தாவான ஃபோர்டு வி-8 வந்தது. ஃபோர்டு கம்பெனி 1920களிலிருந்தே சென்னை, பம்பாய், கல்கத்தாவில் கார்களைப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து பம்பாயில் செவர்லே முதலியவற்றைப் பூட்டியது. அவற்றை நம் பக்கம் விற்றவர்கள் மதுரை டி.வி.எஸ். திண்டுக்கல்லில் தோல் ஷாப் முதலாளிகள், சுருட்டுப் புகையிலை வியாபாரிகள், பூட்டு மொத்த வியாபாரிகள் என்று கார் வாங்கும் வசதி உள்ளவர்கள் இருந்தார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிமார் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி 1901இலிருந்தே அங்கே உண்டு. கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக மலை ஏற நல்ல இழுவை உள்ள வண்டி வேண்டும். அதற்கு அமெரிக்க வண்டியை விட்டால் ஏது? நம் பெரியவர்கள் எந்தக் காரையும் 'பிளஷர்' என்றே சொன்னார்கள். 'பிளஷர் கார்' என்பதன் மிச்சம் அது.

1953இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உதிரிபாகம் செய்யாமல் வெறுமனே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போய்விட்டார்கள். பம்பாயில் பிரீமியர் கம்பெனி மட்டும் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளைக் கொஞ்ச காலம் பூட்டியது. அதன் பிறகு இறக்குமதிக்குத் தடை. எனவே நம் ஊரில் இருந்த அமெரிக்கக் கார்கள் எல்லாம் இருந்ததை வைத்து ஓட்டியவைதான்.

நான் 1973இல் அரசு வேலைக்கு வந்தேன். அப்பா காலமான பின் அம்மாவின் ஊரான திண்டுக்கல்லுக்குக் குடிவந்து, தேர்வு எழுதி, போக்குவரத்துத் துறையில் இளநிலை உதவியாளர். வந்த வருஷமே பெட்ரோல் விலை ஏறியது. அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனதை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுக்கும் பிளைமவுத்தை வைத்துக்கொண்டு முதலாளிமார் திண்டாடினார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் பிரபலமானார். பெயர் வேண்டாம், 'அண்ணன்' என்றே சொல்கிறேன். நாகல் நகர் பக்கம் பட்டறை. பூட்டு செய்யும் குடும்பம். அரம் பிடித்த கை என்பதால் அரை நூல் பிசகினாலும் அவருக்குத் தெரியும். அவர் அமெரிக்கக் கார்களின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றினார். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி செய்த நாலு சிலிண்டர் பெர்க்கின்ஸ் என்ஜின்.

சொல்வதற்குச் சுலபம். டீசல் என்ஜின் கனம். முன் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாகப் பட்டை சேர்க்க வேண்டும். என்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாது, நடுவில் ஒரு இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து, இரண்டு பக்கத்துத் துளைகளும் மையம் பிசகாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். மையம் தப்பினால் கிளட்ச் போய்விடும். என்ஜின் உட்காரும் இருக்கையைச் சேனல் இரும்பில் புதிதாக அடிக்க வேண்டும். இடம் போதாவிட்டால் புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும். கடைசியில் வண்டி லாரி மாதிரி உதறும், மெதுவாகத்தான் போகும். ஆனால் செலவு பாதிக்கும் கீழே.

அதன் பிறகு எங்கள் மேஜைக்கு வருவார்கள். 1939ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 32ஆம் பிரிவு. வண்டியில் மாற்றம் செய்தால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்றால், ஆர்.சி. புத்தகத்தில் பழைய என்ஜின் எண்ணை அடித்து, புதிய எண், எரிபொருள், எடை எல்லாம் எழுதுவது என் வேலை. அப்படி எழுதி எழுதித்தான் அண்ணன் எனக்குப் பழக்கம்.

ஒரு நாள் பட்டறைக்குப் போயிருந்தபோது பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் காட்டினார். கொடைக்கானல் பழைய பேப்பர்காரர் கொண்டு வந்தது. அமெரிக்கர்கள் படித்துப் போட்ட 'ஹாட் ராட்' பத்திரிகைகள். "சார், படம் மட்டும் புரியுது. என்ன எழுதிருக்காய்ங்கன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஆங்கிலம் பள்ளியில் படித்ததல்ல, அகராதி வைத்துக் கற்றது. ஆனாலும் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். பட்டறைப் பையன்கள் மூன்று நாலு பேர் கிரீஸ் கையோடு சுற்றி நிற்பார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "என்ன சார் இது, அதே என்ஜினை அங்க பெருசாக்குறாய்ங்க, இங்க நான் கழட்டிப் போட்டுட்டு இருக்கேன்."

அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். அவன்தான் கேட்டான்: "சார், கால் மைல்னா நம்ம கணக்குல எவ்வளவு தூரம்?"

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் முதலில் மீட்டரில்தான் நினைப்பான். 402 மீட்டர் என்றேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எனக்கே ஒரு குஷி வந்து, "எட்டு ஃபர்லாங் ஒரு மைல். அப்போ கால் மைல் ரெண்டு ஃபர்லாங். வத்தலக்குண்டு ரோட்டுல பழைய ஃபர்லாங் கல்லு இன்னும் நிக்குதே, அளந்து வெச்ச மாதிரி" என்றேன்.

எல்லோரும் ரசித்துச் சிரித்தோம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அதன் பின் பையன்கள் பழுது பார்த்த வண்டியை 'டிரையல்' எடுத்துப் போகும்போது கல்லுக்குக் கல் நேரம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவன் கைக்கடிகாரத்தோடு இரண்டாவது கல்லில் நிற்பானாம், இன்னொருவன் துண்டை ஆட்டுவானாம். இரண்டு பக்கமும் புளியமரங்கள். நடுவில் ஒரு லாரி அகலத்துக்குத் தார்.

1977இல் பேகம்பூர் தோல் ஷாப் முதலாளி ஒருவருடைய ஃபோர்டு வி-8 பட்டறைக்கு வந்தது. போருக்கு முந்தைய வண்டி, அவர் அப்பா வாங்கியது. டீசல் போடச் சொல்லி விட்டிருந்தார். என்ஜினை இறக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், அந்தப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கூடப் போனவன் பிறகு சொன்னது: "நாளைக்கு இந்த என்ஜின் செத்துரும்டா. ஒரு தடவையாவது அது ஓடுற மாதிரி ஓடட்டும்"னு சொன்னானாம்.

எதிரே லாந்தர் இல்லாத மாட்டுவண்டி. ஒதுக்கினான். சக்கரம் மண்ணில் இறங்கி வண்டி பள்ளத்தில் உருண்டது. அந்தக் காலத்து வண்டியில் பெல்ட் ஏது? வெளியே தூக்கி எறியப்பட்டான். மாட்டுக்காரருக்கும் மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரின் என்ஜினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான்.

முதலாளி நல்ல மனிதர். பையன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதார், பணமும் கொடுத்தார். வண்டியைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "டீசலைப் போட்டு யாருக்காவது வித்துரு. என் கண்ணுல படக் கூடாது." சில மாதம் கழித்து அந்த ஆர்.சி. புத்தகம் என் மேஜைக்கு வந்தது. பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினேன். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இறக்கிய வி-8 என்ஜினை நிலக்கோட்டைப் பக்கம் ஒருவர் வாங்கிக் கிணற்றுக்குப் பூட்டினார். பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது. கலிஃபோர்னியாவில் அதன் கூடப் பிறந்தவை விமான ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. கணக்குச் சொன்னது நான்தான் என்று அண்ணனுக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

1979 பிப்ரவரியில் அண்ணனே என்னிடம் வந்தார். "சார், சோழவரத்துல ரேஸ் நடக்குதாம். ஒரு தடவை பார்த்துட்டு வந்துருவோம்." இரவு ரயிலில் சென்னை போய், அங்கிருந்து கல்கத்தா டிரங்க் ரோட்டில் செங்குன்றம் தாண்டிப் பஸ்ஸில் போனோம்.

சோழவரமும் போர்க்கால விமான ஓடுதளம்தான். போர் முடிந்து சும்மா கிடந்த இடத்தில் 1950களிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வருஷா வருஷம் நடத்தியது. உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் பந்தயத் தடம் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்டது. இலங்கையில் களுத்துறை அருகே கட்டுக்குருந்தையில் பந்தயம் நடந்ததும் போர்க்கால ஓடுதளத்தில்தான். சண்டைக்குப் போட்ட தார் எல்லா நாட்டிலும் பையன்களுக்கு விளையாட்டுத் திடலாயிற்று.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் எல்லாம் உள்ளே இருந்ததைப் பிடுங்கிவிட்டு, உருளாமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு வைத்து, உறுமிக்கொண்டு நின்றன. நான் வண்டிகளைப் பார்த்தேன். அண்ணன் பார்த்தது வேறு. ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், ஒவ்வொரு வண்டியையும் குனிந்து சோதிக்கும் ஆட்கள், ஓரத்தில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், திருப்பத்தில் அடுக்கிய வைக்கோல் கட்டுகள்.

ஒரு ஃபியட் திருப்பத்தில் தப்பி வைக்கோலில் போய் முட்டி நின்றது. ஓட்டுபவர் கதவைத் திறந்து இறங்கி, தூசியைத் தட்டிக்கொண்டு நடந்து போனார். கூட்டம் கை தட்டியது. அண்ணன் கை தட்டவில்லை.

"வைக்கோல் கட்டு சார்" என்றார். "நம்ம ஊர்ல இல்லாத வைக்கோலா?"

திரும்பி வரும் வழியில் வேறொன்றும் பேசவில்லை. வந்ததும் பட்டறையில் ஒரு சட்டம் போட்டார். டிரையல் ஓட்ட அவரைத் தவிர யாரும் வண்டியை எடுக்கக் கூடாது, சாவி அவர் இடுப்பில். பட்டறையை மூடும் வரை அது மாறவில்லை.

சோழவரத்தின் காலமும் முடிந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகத் தடம் போட்டது. டிராக் பந்தயமும் அங்கே முறையாக நடந்திருக்கிறது. கோயமுத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். குறைந்த செலவில் நம் பையன்கள் பழக அதுதான் வழி திறந்தது. 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள தடத்துக்கு அவர் பெயர்தான் 'கரி'. அதே கோயமுத்தூர் மண்ணிலிருந்து நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். அண்ணன் கேட்ட வைக்கோல் கட்டு கொஞ்சம் பேருக்காவது கிடைத்தது.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன்.

மாற்றி அமைத்த அமெரிக்கக் காரை இன்று இங்கே சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. 1988ஆம் வருஷச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2000இல் திருத்தி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றார்கள். எரிவாயுக்கு மாற்றுவது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் 'விண்டேஜ்' பதிவு வந்தது. ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. 1964 ஜி.டி.ஓ. கைபடாமல் இருந்தால் அதில் வரலாம். பானெட்டை அறுத்தது வராது. அண்ணன் டீசல் போட்டு நான் கையால் எழுதிக் கொடுத்த ஃபோர்டும் வராது. கம்பெனி செய்த மஸில் கார்தான் வேண்டும் என்றால், 2016இல் ஃபோர்டு மஸ்டாங் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சுமார் 400 குதிரை, அப்போது 65 லட்ச ரூபாய். என் பென்ஷனைக் கேட்காதே என்றேன்.

பேரன் சிரித்தான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். அவனுடைய நண்பர்கள் சிலர் பழைய கார் ஒன்றை வாங்கி, சைலன்சரை மாற்றி, என்ஜின் கம்ப்யூட்டரைத் திருத்தி வைத்திருக்கிறார்களாம். இரவில் நாலு வழிச் சாலையில் 'சும்மா ஒரு தடவை' ஓட்டிப் பார்க்க இவனையும் கூப்பிடுகிறார்கள்.

நான் திட்டவில்லை. இந்த வயதில் வேகத்தைப் பிடிக்காதே என்றால் யார் கேட்பார்? அமெரிக்காக்காரன் அதைச் சொல்லி ஜெயிக்கவில்லை. இடம் கொடுத்து, விதி வைத்து, ஹெல்மெட் மாட்டி ஜெயித்தான். நான் பையனை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வத்தலக்குண்டு ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். ரோடு இப்போது அகலம். புளியமரங்கள் பாதி இல்லை. ஃபர்லாங் கற்களும் இல்லை. ஆனால் இடம் எனக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத அந்தப் பையனின் கதையையும், கணக்குச் சொன்னவன் யார் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அவர் பேர் என்ன தாத்தா?" என்று கேட்டான். சொன்னேன்.

போன வாரம் போன் செய்தான். நண்பர்களோடு பேசி, வண்டியை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோக என்ன விதி, என்ன கட்டணம், யாரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். "படிவம் எல்லாம் நிறைய இருக்கு தாத்தா. பூர்த்தி பண்ண நீங்கதான் வரணும்" என்றான்.

படிவம் பூர்த்தி செய்வதுதானே நமக்குத் தெரிந்த வேலை. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.